ஆய்வகத்துக்கு வெளியே ஒரு கற்றல் வட்டம்: உயிரியல் ஆய்வு மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

முனைவர் பட்டத்துக்குச் சேரும் உயிரியல் மாணவர்கள் முதல் ஆண்டில் இரண்டு விதமாகத் தடுமாறுகிறார்கள். சிலர் லேப்பே கதி என்று உள்ளேயே அடைந்துகிடக்கிறார்கள். சிலர் கண்ணில் படும் செமினார், பயிலரங்கு, மாநாடு எல்லாவற்றுக்கும் பெயர் கொடுத்துவிட்டு எதிலும் கால் ஊன்றாமல் போகிறார்கள். புதியவர்களைத் தொடர்ந்து கவனித்ததில் எனக்குத் தெளிவானது இதுதான்: இதில் வரிசை முக்கியம். முதலில் அருகில் இருக்கும் சிறு குழு, அப்புறம் பக்கத்து லேப், அதற்குப் பிறகுதான் தூரத்துப் பயிற்சியும் மாநாடும். வரிசை மாறினால் தூரத்தில் கிடைப்பதைப் பிடித்துக்கொள்ள நம் கையில் கேள்வியே இருக்காது.

உயிரியலில் இது கூடுதலாகப் பொருந்தும். நம் துறையில் பாதி அறிவு கட்டுரையில் இருக்காது, செய்கிறவரின் கைப்பக்குவத்தில் இருக்கும். அவரோடு பழகாமல் அது நமக்கு வராது.

1. தொடங்கும் முன் தேவையானவை

முதலில் உங்கள் நெறியாளரிடம் பேசுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் லேப்புக்கு வெளியே கற்பதற்குச் செலவிடலாம் என்று நேராகவே கேளுங்கள். கேட்காமல் போய்வந்தால், ஒரு சோதனை சொதப்பும் நாளில் அது மனக்கசப்பாக முடியும். முன்பே பேசியிருந்தால் அது ஒப்புக்கொண்ட ஏற்பாடு.

அதே உட்காரலில் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: நம் ஆய்வில் எதை வெளியே சொல்லலாம், எதை இன்னும் சொல்லக்கூடாது? புதியவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாததால்தான் பிறர் முன்னால் வாயைத் திறக்கவே பயப்படுகிறார்கள். எல்லை தெரிந்தால் அதற்குள் தாராளமாகப் பேசலாம்.

மூன்றாவதாக, உங்கள் ஆய்வை ஐந்து வரியில் எழுதி வையுங்கள். என்ன கேள்வி, எந்த உயிரி அல்லது எந்தச் செல், எந்த நுட்பம், இப்போது எங்கே நிற்கிறது, எதில் உதவி தேவை. ஈஸ்ட்டில் வேலை செய்பவருக்கும் காட்டுச் சூழலியல் படிப்பவருக்கும் புரியும்படி இருக்க வேண்டும். இனி வரும் ஒவ்வொரு படியிலும் இந்த ஐந்து வரி தேவைப்படும்: அறிமுகத்தில், மின்னஞ்சலில், விண்ணப்பத்தில். கடைசி வரிதான் பலர் விட்டுவிடுவது. எதில் உதவி வேண்டும் என்று சொல்லாதவருக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது.

2. வாரத்தில் இரண்டு மணி நேரத்தைப் பூட்டி வையுங்கள்

நேரம் கிடைக்கும்போது போகலாம் என்று நினைத்தால் நேரம் கிடைக்காது. செல்களுக்கு ஊடகம் மாற்ற வேண்டியிருக்கும், ஜெல் ஓடிக்கொண்டிருக்கும், ஈக்களைக் குறித்த நேரத்தில் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும். உயிருள்ளவற்றோடு வேலை செய்பவருக்கு ஓய்வான மதியம் தானாக வராது.

அதனால் ஜர்னல் கிளப்புக்கு (ஆய்வுக் கட்டுரையைக் குழுவாகப் படித்து விவாதிக்கும் கூட்டம்) ஒரு மணி, செமினாருக்கு ஒரு மணி என்று நாளையும் நேரத்தையும் முதலில் நாட்காட்டியில் குறித்துவிட்டு, சோதனைகளை அதைச் சுற்றி அடுக்குங்கள். நெடுநேரம் அப்படியே விட்டுவைக்க வேண்டிய படிகள், இரவு முழுக்க வளர்ப்பு போன்றவற்றை இந்த நேரத்தோடு பொருத்திக்கொள்ளலாம். இரண்டு மணிக்கு மேல் தொடக்கத்தில் வேண்டாம். ஆறு குழுக்களில் தலைகாட்டுவதைவிட ஒரு குழுவில் எல்லா வாரமும் இருப்பவரைத்தான் மற்றவர்கள் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

3. சொந்த லேப் மீட்டிங்கைச் சரிசெய்யுங்கள்

வெளியே தேடும் முன், வாராவாரம் நடக்கும் லேப் மீட்டிங்கை முழுசாகப் பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். உங்கள் முறை வரும்போது வெற்றியடைந்த படங்களை மட்டும் வரிசையாகக் காட்டிவிட்டு உட்காராதீர்கள். வேலை செய்யாத சோதனையின் படம் ஒன்றையாவது கன்ட்ரோலோடு (ஒப்பிடுவதற்கான மாதிரி) சேர்த்துக் காட்டுங்கள். ப்ரைமர் தவறா, எதிர்பொருள் பழசா, கருதுகோளே தவறா என்று பிரித்துச் சொல்லக் கூடியவர்கள் அந்த அறையில்தான் இருக்கிறார்கள்.

மற்றவர் பேசும்போது ஒரு மீட்டிங்குக்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படைக் கேள்வியாக இருந்தாலும் பரவாயில்லை. முதல் ஆண்டில் அடிப்படைக் கேள்வி கேட்பது இயல்பு. மூன்றாம் ஆண்டில் அதையே கேட்கக் கூச்சம் வந்துவிடும்.

4. ஜர்னல் கிளப்பில் சேருங்கள், இல்லையென்றால் தொடங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பிறர் கட்டுரையைக் குழுவாக உட்கார்ந்து பிரித்துப் பார்க்கும் பழக்கம்தான் பிறகு சொந்தத் தரவைக் கறாராகப் பார்க்கவும் கற்றுத்தருகிறது. துறையில் ஏற்கெனவே ஒன்று நடந்தால் அதில் சேர்ந்து, ஒரு பருவம் முழுக்க விடாமல் போங்கள். இல்லையென்றால் தொடங்குவது இப்படி:

ஆட்கள்: 5 முதல் 8 பேர் போதும். அதைத் தாண்டினால் பின்வரிசை உருவாகும், பின்வரிசை பேசாது. குறைந்தது மூன்று லேப்களிலிருந்து ஆட்கள் வரட்டும். ஒரே லேப் ஆட்கள் மட்டும் கூடினால் அது இன்னொரு லேப் மீட்டிங்காகிவிடும். ஒரு போஸ்ட்டாக் (முனைவர் பட்டம் முடித்த ஆய்வாளர்) இருந்தால் மிகவும் நல்லது. கட்டுரையில் எழுதாத நடைமுறைகள் அவருக்குத் தெரியும், மாணவர்களும் அவர் முன் தயங்காமல் பேசுவார்கள். பேராசிரியர்களை முதல் சில மாதங்களுக்கு அழைக்காதீர்கள். அவர்கள்மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவர்கள் அறையில் இருந்தால் முதலாம் ஆண்டு மாணவர் வாயே திறக்கமாட்டார்.

காலம்: முதலில் நான்கு வாரத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். ஆண்டு முழுக்க என்றால் பலர் தயங்குவார்கள். நான்கு வாரம் வந்தவர்களில் பெரும்பாலோர் ஐந்தாவது வாரமும் வருவார்கள்.

பொறுப்பு: ஒருங்கிணைப்பாளர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் என்றால், அவருக்கு ஆய்வேட்டு வேலை வந்த மாதத்தில் கிளப் நின்றுபோகும்.

கட்டுரை: ஒரு வாரம் முன்பே எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். முந்தைய நாள் இரவு அனுப்பினால் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு வருவார்கள்.

எந்தக் கட்டுரையைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். பேரும் புகழும் உள்ள இதழில் வந்த, எட்டு நுட்பங்கள் கலந்த, துணைப் படங்களே முப்பது இருக்கும் கட்டுரையை எடுத்துவந்துவிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் அதன் முதல் படத்தைத் தாண்ட முடியாது. குழுவில் இரண்டு பேராவது கையால் செய்துபார்த்த நுட்பம் உள்ள, நான்கைந்து படங்கள் கொண்ட கட்டுரையைத் தேர்ந்தெடுங்கள். தெரிந்த நுட்பம் என்றால்தான் குறையும் தெரியும், நேர்த்தியும் தெரியும்.

கொஞ்சம் பழகியதும் முன்பதிப்புகளுக்குப் போகலாம். 2013இல் தொடங்கப்பட்ட பயோஆர்க்கைவ் தளத்தில் இதழில் வெளிவருமுன்பே ஆசிரியர்கள் தங்கள் கட்டுரையைப் பகிர்கிறார்கள். அதை எடுத்துப் பேசினால், உங்கள் கேள்விகளை ஆசிரியருக்கே அனுப்பலாம், அவருக்கும் திருத்த அவகாசம் இருக்கும். அனுப்பும் முன் குழுவில் எல்லோருக்கும் சம்மதமா என்று கேளுங்கள். 2018இல் உயிரியல் இதழ்களை வெளியிடும் தி கம்பெனி ஆஃப் பயாலஜிஸ்ட்ஸ் தொடங்கிய ப்ரீலைட்ஸ் என்ற திட்டத்தில் இளம் ஆய்வாளர்களே முன்பதிப்புகளைத் தேர்ந்தெடுத்து எழுதுகிறார்கள். எழுத்துப் பழக்கம் வேண்டுபவருக்கு அது நல்ல வாசல்.

5. ஒரு கட்டுரையை எடுத்துப் பேசுவது

பேசுகிறவர் ஐம்பது ஸ்லைடு போட்டு முழுக் கட்டுரையையும் ஒப்பித்தால் மற்றவர்கள் படிக்காமல் வரப் பழகிவிடுவார்கள். அவர் பின்னணியை ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கட்டும். அப்புறம் ஒவ்வொரு படத்தையும் ஒவ்வொருவர் விளக்க வேண்டும். யாருக்கு எந்தப் படம் என்பதை அந்த இடத்திலேயே சீட்டுப் போட்டு முடிவு செய்தால் எல்லோரும் எல்லாவற்றையும் படித்து வருவார்கள்.

படத்தை விளக்குபவர் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தப் படம் எந்தக் கேள்விக்காக? கன்ட்ரோல் எது? ஆசிரியர்களின் எண்ணம் தவறாக இருந்திருந்தால் இந்தப் படம் எப்படி இருந்திருக்கும்? மூன்றாவதுதான் கடினம், மூன்றாவதுதான் பயன். அதற்குப் பதில் சொல்ல முடியாத படம் எதையும் நிரூபிக்கவில்லை என்று பொருள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பட்டை வரைபடம், பக்கத்தில் வேறுபாடு உறுதியானது என்று காட்டும் நட்சத்திரக் குறிகள், கீழே மாதிரி எண்ணிக்கை 'n = 300' என்று இருக்கிறது. பார்த்ததும் பலமான தரவு போலத் தோன்றும். படக்குறிப்பைப் படியுங்கள்: மூன்று எலிகள், ஒவ்வொன்றிலிருந்தும் 100 செல்கள். சிகிச்சை கொடுக்கப்பட்டது எலிக்கு. ஒரே எலியின் 100 செல்களும் ஒரே உடலில் வளர்ந்தவை, ஒரே நாளில் ஒரே கையால் பிரித்தெடுக்கப்பட்டவை. ஆகவே இங்கே உண்மையான n என்பது 3தான். 300 என்று வைத்துக் கணக்கிட்டால் சின்ன வேறுபாடுகூடப் பெரிய உறுதியோடு தெரியும்.

அப்புறம் பிழைக்கோடுகளைப் பாருங்கள். அவை திட்ட விலக்கமா (தரவின் பரவல்), சராசரியின் திட்டப் பிழையா (சராசரியின் நிச்சயமின்மை)? இரண்டாவது, முதலாவதை n-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது. n 25 ஆக இருந்தால் கோடு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். படம் அழகாகத் தெரிவதற்கும் தரவு நெருக்கமாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை என்பது இந்த ஒரு படத்திலேயே புரிந்துவிடும்.

புதியவர்களிடம் எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. குறை சொல்வதுதான் புத்திசாலித்தனம் என்று நினைத்து, எல்லாக் கட்டுரையையும் "மாதிரி எண்ணிக்கை குறைவு" என்று தள்ளிவிடுவார்கள். குறை சொன்னால், எந்தச் சோதனை செய்தால் அந்தக் குறை தீரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று குழுவில் விதி வையுங்கள். விமர்சனத்தின் தரம் உடனே கூடும்.

6. செமினாரில் உட்காருவது மட்டும் போதாது

தலைப்பு புரியவில்லை என்பதற்காகப் போகாமல் இருக்காதீர்கள்; தயாராகிப் போங்கள். பேச்சாளரின் அண்மைக் கட்டுரை ஒன்றின் அறிமுகப் பகுதியையும் முதல் படத்தையும் பார்த்துவிட்டுப் போனால் பாதிப் பேச்சு பிடிபடும். ஐபயாலஜி என்ற இணையத்தளத்தின் காணொளிகளில் பல உரைகள் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: முதல் பகுதி துறை அறிமுகம், அடுத்தவை பேச்சாளரின் சொந்த ஆய்வு. புதிய துறைக்கு அந்த முதல் பகுதி நல்ல தயாரிப்பு.

கேள்வி நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 10 நாடுகளில் 35 நிறுவனங்களின் 247 செமினார்களைக் கவனித்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. ஒரு கேள்வியைப் பெண் பார்வையாளர் கேட்பதைவிட ஆண் பார்வையாளர் கேட்பதற்கு 2.5 மடங்கு வாய்ப்பு அதிகம் என்று அது கண்டது. முதல் கேள்வியை ஆண் கேட்ட செமினார்களில் பெண்களின் பங்கு மேலும் குறைந்தது. அதனால் நீங்கள் கூட்டத்தை நடத்தும் நாளில் முதலில் உயரும் கைக்கே வாய்ப்பைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு நிமிடம் பொறுத்து, முதல் கேள்வியை ஒரு மாணவிக்குக் கொடுங்கள். செலவே இல்லாத திருத்தம் இது.

வெளியூரிலிருந்து வரும் பேச்சாளரோடு மாணவர்கள் தனியாகச் சந்திக்கும் நேரம் பல துறைகளில் உண்டு. அதற்குப் பெயர் கொடுங்கள். அங்கே கேட்க வேண்டியது பேச்சில் சொல்லாததை: இந்த ஆய்வில் எந்த வழி அடைபட்டது, எப்போது திசை மாற்றினீர்கள், உங்கள் லேப்பில் புதிதாக ஒருவர் சேர்ந்தால் முதல் மூன்று மாதம் என்ன செய்வார்? இப்படிக் கேட்டால் அந்தப் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

7. பக்கத்து லேப்பில் ஒரு நுட்பம் கற்றுக்கொள்ளுங்கள்

ஜர்னல் கிளப்பும் செமினாரும் பழகியபின் யாரிடம் எந்தக் கைப்பக்குவம் இருக்கிறது என்பது தெரிந்திருக்கும். இப்போது கேட்கலாம். தெரியாதவரிடம் முதல் நாளே போய் நிற்பதைவிட இது மிகச் சுலபம்.

முதலில் உங்கள் நெறியாளரிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம் அந்த நுட்பத்தைத் தினமும் செய்பவருக்கு எழுதுங்கள், அவருடைய லேப் தலைவருக்கு ஒரு நகல் போகட்டும். தலைவருக்கு மட்டும் எழுதினால் அனுமதி கிடைக்கும், ஆனால் வேலை தன்மேல் விழுந்ததாகச் செய்பவர் நினைப்பார். கடிதம் சின்னதாக இருக்கட்டும்:

"வணக்கம். நான் பக்கத்து லேப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி. வேர்நுனியில் ஒரு மரபணுவின் அளவை அளக்க வேண்டியிருக்கிறது, ஆனால் நான் எடுக்கும் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடுகிறது. நீங்கள் அடுத்த முறை பிரித்தெடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கலாமா? உங்களுக்கு வசதியான நாளைச் சொன்னால் வருகிறேன்."

எதற்காக, எங்கே மாட்டியிருக்கிறோம், என்ன வேண்டும் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. 'ஆர்.என்.ஏ. பற்றிக் கற்றுத்தருவீர்களா' என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு எவ்வளவு நேரம் போகும் என்றே தெரியாது. பதிலும் வராது.

மூன்று தடவையாகக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் தடவை பார்ப்பது மட்டும். இரண்டாவது, அவருடைய மாதிரியில் அவரோடு சேர்ந்து செய்வது. மூன்றாவது, உங்கள் மாதிரியில் நீங்களே, அவர் அறையில் இருக்கும்போது. முதல் தடவையே சொந்த மாதிரியோடு போகாதீர்கள். கவனம் முழுக்க மாதிரியைக் காப்பாற்றுவதிலேயே போய்விடும், அவர் கை என்ன செய்கிறது என்பதைப் பார்க்கமாட்டீர்கள்.

பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு இதே ஆர்.என்.ஏ. பிரித்தெடுப்பையே எடுத்துக்கொள்வோம். ட்ரைசாலும் (செல்களைக் கரைக்கும் வேதிக்கலவை) குளோரோஃபார்மும் சேர்த்துச் சுழற்றியபின் குழாயில் மூன்று அடுக்கு தெரியும்: மேலே நிறமற்ற நீர் அடுக்கு, நடுவில் வெள்ளைப் படலம், அடியில் இளஞ்சிவப்பு. புரோட்டோகால் "மேலடுக்கை மாற்றவும்" என்று ஒரே வரியில் சொல்லிவிடும். பழகியவர் குழாயைச் சாய்த்துப் பிடித்து, பிப்பெட் முனையை மேல்மட்டத்தில் வைத்து மெதுவாக இழுத்து, வெள்ளைப் படலத்துக்கு மேல் கொஞ்சத்தை விட்டுவிடுவார். அளவு குறைந்தாலும் டி.என்.ஏ.வும் புரதமும் கலக்காது.

அடுத்து ஐசோபுரோப்பனால் சேர்த்துச் சுழற்றும்போது, எல்லாக் குழாய்களின் மூடிக் கீலையும் வெளிப்பக்கம் பார்த்து வைப்பார். ஆர்.என்.ஏ. வண்டல் கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் கீல் இருக்கும் பக்கத்து அடிச்சுவரில்தான் ஒட்டியிருக்கும் என்பது தெரியும். எதிர்ப்பக்கமாகத் திரவத்தை எடுக்கலாம். 75 சதவீத எத்தனாலில் கழுவும்போது அந்தக் கூழ்போன்ற வண்டல் சட்டென்று கழன்று மிதக்கும். புதியவர்கள் திரவத்தோடு சேர்த்து அதையும் கொட்டிவிடுவது இந்த இடத்தில்தான். கடைசியில் அளவுக்கு மீறி உலர்த்தினால் பிறகு கரையாது. இவற்றில் எதையும் கட்டுரையின் செய்முறைப் பகுதி சொல்லாது. அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டு, அன்றே ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.

போகும் முன் சரிபார்க்க வேண்டியவையும் உண்டு. அந்த லேப்பின் உயிரியல் பாதுகாப்புப் பயிற்சி உங்களுக்குத் தேவையா? விலங்குகளோடு வேலை என்றால், நெறிமுறைக் குழுவின் அனுமதியில் உங்கள் பெயரும் அந்தச் செயல்முறையும் இருக்கின்றனவா? செல்களைக் கொண்டுபோவதாக இருந்தால் மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் தொற்றும் மிகச்சிறு பாக்டீரியா) சோதனை செய்துவிட்டீர்களா? மைக்கோபிளாஸ்மா ஊடகத்தைக் கலங்கச் செய்யாது, கண்ணுக்கும் தெரியாது. உங்கள் ஒரு குடுவையிலிருந்து அவர்களின் வளர்ப்பறை முழுவதும் பரவக்கூடும். பிளாஸ்மிடுகளை (மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோக உதவும் வளைய டி.என்.ஏ.) அங்கிருந்து வாங்குவது என்றாலும் முதலில் நெறியாளர் வழியாகக் கேளுங்கள். பலவும் ஆட்ஜீன் போன்ற சேமிப்பகங்களில் முறைப்படி கிடைக்கும்.

நுட்பம் கைவந்து தரவு வரத் தொடங்கும்போது, அவருக்கு நன்றிக் குறிப்பா, ஆசிரியர் இடமா என்ற பேச்சு எழும். அதைத் தரவு வருமுன்பே, இரு நெறியாளர்களும் இருக்கும்போது பேசிவிடுங்கள். அப்புறம், தீர்த்த பொருளை நிரப்பி வையுங்கள். இதைச் செய்பவருக்கு அந்த லேப்பின் கதவு எப்போதும் திறந்திருக்கும்.

8. புள்ளியியலும் நிரலும்: தனியாக உட்காராதீர்கள்

ஆர், பைத்தான் நிரல்மொழிகள், படப் பகுப்பாய்வுக்கான ஃபிஜி ஆகியவற்றைக் காணொளி பார்த்துத் தனியாகக் கற்பவர்கள், முதல் பிழைச்செய்தி வந்ததும் நின்றுவிடுகிறார்கள். இதற்குக் குழு வேண்டும். நிரலும் தரவுக் கையாளலும் கற்றுத்தரும் தி கார்ப்பென்ட்ரீஸ் அமைப்பின் பயிலரங்குகளில் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிறத்தில் ஒட்டுத்தாள் கொடுப்பார்கள். ஒரு நிறம் 'முடித்துவிட்டேன்', இன்னொன்று 'உதவி வேண்டும்'. கணினி மேல் ஒட்டிவைத்தால் உதவியாளர் வந்துவிடுவார். கையை உயர்த்திக்கொண்டு வேலையை நிறுத்த வேண்டியதில்லை, எல்லோர் முன்னும் கேட்கும் கூச்சமும் இல்லை. உங்கள் துறையில் நான்கு பேர் கூடினாலும் இதே முறை போதும். அவர்களின் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

பாடத்தில் வரும் தரவை முடித்தவுடன் சொந்தத் தரவைக் கொண்டு வாருங்கள். எடுத்துக்காட்டுத் தரவு எப்போதும் சுத்தமாக இருக்கும். நம் எக்செல் அட்டவணையில் இணைத்த கட்டங்களும் நிறத்தால் குறித்த விவரங்களும் இருக்கும். உண்மையான படிப்பு அங்கேதான் தொடங்கும்.

சோதனையைத் திட்டமிடும்போதே புள்ளியியல் தெரிந்தவரிடம் போங்கள். எல்லாம் முடிந்தபின் போனால் அவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

9. ஜூனியர் ஒருவருக்குச் சொல்லிக்கொடுங்கள்

உங்களுக்குக் கைவந்த ஒரு நுட்பத்தை இளநிலை மாணவர் ஒருவருக்குக் கற்றுக்கொடுங்கள். அவர் "ஏன் 4 டிகிரியில்?" என்று கேட்கும்போதுதான் நமக்குக் காரணம் தெரியாது என்பது தெரியவரும். ஒரு நேரத்தில் ஒருவர் போதும். அவருக்குச் சிறிய, தனியாக நிற்கக்கூடிய ஒரு கேள்வியைக் கொடுங்கள். பாத்திரம் கழுவவும் ஊடகம் கலக்கவும் மட்டும் வைத்துக்கொள்வது கற்பித்தல் ஆகாது.

10. குறுகியகாலப் பயிற்சிக்கு எப்போது, எப்படி விண்ணப்பிப்பது

அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம், அங்கேயே வுட்ஸ் ஹோலில் உள்ள கடல் உயிரியல் ஆய்வகம், ஐரோப்பிய உயிரியல் அமைப்பான எம்போவின் செய்முறைப் பயிற்சிகள் என்று உயிரியலுக்குப் பேர்பெற்ற பயிற்சிகள் பல உண்டு. இவை வகுப்பறைகள் அல்ல. கற்பிக்க வருபவர்கள் தங்கள் ஆய்வையும் கூடவே கொண்டு வருவார்கள். செல் சுழற்சியை இயக்கும் சைக்ளின் புரதத்தைப் பிரிட்டிஷ் உயிரியலாளர் டிம் ஹன்ட் 1982 கோடையில் வுட்ஸ் ஹோலில், கடல்முள்ளெலியின் முட்டைகளில்தான் கண்டார். அதே சூழலுக்குள்தான் மாணவர்களும் போகிறார்கள்.

சரியான காலம், என் கணிப்பில், இரண்டாம் ஆண்டின் கடைசியும் மூன்றாம் ஆண்டும். முதல் ஆண்டில் போனால் கேட்க சொந்தக் கேள்வி இருக்காது. கடைசி ஆண்டில் போனால் கற்றதை ஆய்வேட்டில் பயன்படுத்த நேரம் இருக்காது.

விண்ணப்பத்தில் 'எனக்கு இந்தத் துறையில் மிகுந்த ஆர்வம்' என்று எழுதும் வரிகள் எல்லோருடையதிலும் இருக்கும். தேர்வுக்குழு தேடுவது வேறு: உங்கள் ஆய்வில் எந்தக் கேள்வி இந்த நுட்பம் இல்லாமல் நிற்கிறது, ஏற்கெனவே என்ன முயன்றீர்கள், திரும்பிவந்த முதல் மாதத்தில் என்ன சோதனை செய்வீர்கள், லேப்பில் யாருக்குக் கற்றுத்தருவீர்கள். தேவையான கருவி உங்கள் நிறுவனத்தில் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். கருவியே இல்லாத இடத்துக்குத் திரும்பினால் பயிற்சி வீண் என்று அவர்களுக்குத் தெரியும்.

பரிந்துரைக் கடிதம் தருபவருக்கு மூன்று வாரமாவது அவகாசம் கொடுங்கள், உங்கள் ஐந்து வரியையும் பயிற்சியின் அறிவிப்பையும் சேர்த்து அனுப்புங்கள். கட்டணத்தைப் பார்த்து விலகிவிடாதீர்கள். பல பயிற்சிகளில் உதவித்தொகை உண்டு. அதற்கான விண்ணப்பத்தையும் சேர்த்தே அனுப்ப வேண்டியிருக்கும் என்பதால் அறிவிப்பைக் கடைசி வரி வரை படியுங்கள். வேறொரு லேப்பில் சில வாரம் தங்கிக் கற்பதற்கென்றே தி கம்பெனி ஆஃப் பயாலஜிஸ்ட்ஸின் பயண நல்கைகள் இருக்கின்றன. ஏழாம் படியை முடித்தவருக்கு இந்த விண்ணப்பம் எழுதுவது கடினமே இல்லை. அதே கடிதத்தின் நீண்ட வடிவம்தான் இது.

11. முதல் மாநாடு

சிறிய மாநாட்டிலிருந்து தொடங்குங்கள். ஆயிரக்கணக்கானோர் கூடும் இடத்தில் தெரிந்தவர் யாரும் இல்லாத மாணவர் கூட்டத்துக்கு நடுவே தனியாகிவிடுவார். கார்டன் ஆராய்ச்சி மாநாடுகள் பலவற்றுக்கு முன்னால் மாணவர்களுக்கும் போஸ்ட்டாக்களுக்கும் மட்டுமான கார்டன் ஆராய்ச்சி செமினார் நடக்கும். அதில் கலந்துகொண்டால் பெரிய மாநாடு தொடங்கும் நாளில் உங்களுக்கு ஏற்கெனவே பல முகங்கள் தெரிந்திருக்கும். அங்கே பேசப்படுவதை வெளியே பகிரக்கூடாது, படமெடுக்கக்கூடாது என்பது விதி. வெளியாகாத தரவைத் தைரியமாகக் காட்ட வழிசெய்வதே அந்த விதிதான். மீறாதீர்கள்.

போஸ்டரில் முக்கியக் கண்டுபிடிப்பை ஒரே வாக்கியமாக, தூரத்திலிருந்தே படிக்கும் அளவில் எழுதுங்கள். வருபவரிடம் உடனே ஒப்பிக்கத் தொடங்காமல் "நீங்கள் எதில் வேலை செய்கிறீர்கள்?" என்று முதலில் கேளுங்கள். பதிலைப் பொறுத்து எந்தப் படத்திலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்யலாம். திரும்பிவந்த வாரத்துக்குள், பயனுள்ள பேச்சு நடந்த மூன்று நான்கு பேருக்கு அந்தப் பேச்சின் விவரத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள். "சந்தித்ததில் மகிழ்ச்சி" என்று மட்டும் எழுதினால் யார் என்றே நினைவிருக்காது.

12. சோதனைகள் கைகொடுக்காத மாதங்களில்

எல்லோருக்கும் அப்படி ஒரு காலம் வரும். அப்போது முதலில் நின்றுபோவது இந்தக் கூட்டங்கள்தான். காட்ட எதுவும் இல்லையே என்று ஒதுங்குகிறார்கள். அந்த மாதங்களில் பேச வேண்டியதில்லை, வந்து உட்கார்ந்தால் போதும் என்று குழுவில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து வராதவரை ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். செய்தி அனுப்பினால் "வேலை அதிகம்" என்று பதில் வந்து முடிந்துவிடும்.

தூக்கமும் சாப்பாடும் கெட்டு, லேப்புக்குப் போகவே மனம் வராத நிலை நீடித்தால் அதற்கு ஜர்னல் கிளப் மருந்தல்ல. நிறுவனத்தின் மனநல ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். ஆலோசகரின் தொடர்பு எண்ணைக் குழுவின் பொதுக் குறிப்பில் இப்போதே எழுதி வையுங்கள். தேவைப்படும் நாளில் தேடும் தெம்பு யாருக்கும் இருக்காது. நெறியாளரோடுதான் சிக்கல் என்றால், ஆலோசனைக் குழுவில் யாரிடம் பேசலாம், துறையில் யார் பொறுப்பு என்பதையும் அதே குறிப்பில் சேருங்கள்.

13. குழுவை ஒப்படைப்பது

ஆய்வேடு எழுதத் தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பே ஒருங்கிணைப்பை இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். முதல் இரண்டு மாதம் சேர்ந்து நடத்துங்கள், அப்புறம் நீங்கள் சாதாரண உறுப்பினராக உட்காருங்கள். நீங்கள் இன்னும் அறையில் இருக்கும்போதே அவர் தவறு செய்து திருத்திக்கொள்ள வேண்டும்.

கையில் கொடுக்க வேண்டியவை: இதுவரை படித்த கட்டுரைகளின் பட்டியல், எவை நன்றாக ஓடின எவை படுத்துவிட்டன என்ற குறிப்போடு, எந்த லேப்பில் யாருக்கு எந்த நுட்பம் தெரியும் என்ற அட்டவணை, அறை முன்பதிவு செய்யும் முறை, மின்னஞ்சல் பட்டியலின் கடவுச்சொல், நுட்பங்களைக் கற்றபோது எழுதிய குறிப்புகளின் நகல். அட்டவணையை ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் புதுப்பிக்கச் சொல்லுங்கள். படிப்பு முடிந்து போனவர்களின் பெயர்களுக்கு எதிரே, அவர்களிடம் அந்த நுட்பத்தைக் கற்றுக்கொண்டவர் யார் என்பதை எழுத வேண்டும்.